தீயணைப்பு வீரர்களின் உடல்நலத் திட்டத்துக்குப் பணம் திரட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வடசென்னையில் எங்கள் தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து, பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் இருப்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் உடற்பயிற்சியும் ஏற்பாடு செய்து வருகிறோம். கணக்கு என் பொறுப்பு. அதனால் பணம் கொடுப்பவர், கொடுக்கத் தயங்குபவர், நிலையத்தில் வேலை செய்பவர், அவர்கள் வீட்டார் என எல்லோருடைய சந்தேகமும் கடைசியில் என் போனுக்குத்தான் வருகிறது. ஒரே நாளில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டபோது இதை எழுத உட்கார்ந்தேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

1. "ஏன் சார், கவர்ன்மென்ட் சம்பளம் வாங்குறவங்களுக்கு நாம எதுக்குப் பணம் தரணும்?"

சம்பளத்துக்கு நாம் பணம் தரவில்லை. துறைக்கு ஒதுக்கும் தொகையில் சம்பளம், வண்டி, டீசல், ஹோஸ் குழாய், கட்டடப் பராமரிப்பு என்று வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் உடற்பயிற்சி எப்போதும் கடைசிதான். வண்டி ஓடாவிட்டால் உடனே தெரிந்துவிடும். ஓட்டுகிறவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிய வருடக்கணக்கில் ஆகும்.

அரசு செய்ய வேண்டியதை நாம் செய்தால் அரசு நழுவிக்கொள்ளாதா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான பயம். எனக்கே அது உண்டு. அதனால்தான் ஒரு நிலையத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கிறோம். எவ்வளவு செலவானது, எது பயன்பட்டது, எது வீணானது என்று எழுதித் துறைக்கும் ஒரு பிரதி கொடுக்கிறோம். அவர்களே எடுத்து நடத்தினால் எங்களுக்கு வேலை மிச்சம்.

2. "அவங்க ஏற்கெனவே ஃபிட்டாத்தானே இருப்பாங்க? செலக்‌ஷன்லயே ஓட விடுறாங்களே?"

ஓட விடுகிறார்கள். சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அப்புறம் கயிறு ஏறுதல், தாண்டுதல் எல்லாம் உண்டு. ஆனால் அதை ஓடியது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில். தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு வயது 2021-ல் 60 ஆனது. நடுவே முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. இரவுப் பணி, கண்ட நேரத்தில் சாப்பாடு, ஒன்றும் நடக்காமல் உட்கார்ந்திருக்கும் நேரம், அதிலிருந்து ஒரே நொடியில் எழுந்து ஓட வேண்டிய நேரம் என்று அது கழிகிறது.

கடைசியில் சொன்னதுதான் இதயத்துக்குக் கெடுதல். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் பணிநேர மரணங்களை ஆராய்ந்து 2007-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அங்கே பணியில் நடக்கும் மரணங்களில் சுமார் 45 சதவீதம் இதயநோயால். தீயை அணைப்பதில் செலவாகும் நேரம் மொத்தப் பணிநேரத்தில் 1 முதல் 5 சதவீதம்தான், ஆனால் இதயநோய் மரணங்களில் சுமார் 32 சதவீதம் அந்தக் கொஞ்ச நேரத்தோடு சேர்ந்து நிகழ்ந்திருக்கின்றன. இது அமெரிக்கக் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கத்திரி வெயிலில் கனத்த கோட்டும் முதுகில் சுவாசக் கருவியுமாக நான்கு மாடி ஏறுகிற உடம்பு அமெரிக்காவில் இருந்தால் என்ன, வியாசர்பாடியில் இருந்தால் என்ன.

3. "திட்டம்னா என்ன, ஜிம் வெச்சுக் கொடுக்கறதுதானே?"

எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். முதல் வருடம் ஒரு நல்ல மனிதர் ட்ரெட்மில் வாங்கிக் கொடுத்தார். ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, கேசரி சாப்பிட்டோம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதன் கைப்பிடியில் துண்டும் பனியனும் காய்ந்துகொண்டிருந்தன. மோட்டார் பழுது. பழுது பார்க்க யாரிடமும் பணம் இல்லை, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தரவும் ஆள் இல்லை.

அமெரிக்காவில் தீயணைப்பு அமைப்புகளுக்கு மத்திய அரசு தரும் ஏ.எஃப்.ஜி. என்ற மானியத்தில் உடல்நலத்துக்கும் பணம் உண்டு. அதில் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். வேலைக்குச் சேரும்போது மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி, ஆண்டுதோறும் உடல்நல மற்றும் உடல்திறன் மதிப்பீடு, மனநல உதவி ஆகியவை முதலில். உடற்பயிற்சிக் கருவிகளெல்லாம் அதற்குப் பிறகு. எங்களுக்கு அந்த வரிசை பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டோம்.

ஆகவே எங்கள் திட்டத்தில் பணம் போகும் வழி இதுதான்: முதலில் பரிசோதனையும், பரிசோதனையில் ஏதாவது தெரிந்தால் மருத்துவரிடம் தொடர்ந்து போய்வரும் செலவும். சாக்கடை, கிணறு, விபத்து என்று எங்கும் இறங்குகிறவர்கள் என்பதால் டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி ஊசி. அடுத்தது வாரம் மூன்று நாள் வரும் பயிற்றுநர். கருவி கடைசி. உண்மையில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, மணல் மூட்டை, தண்ணீர் நிரப்பிய வாளி இரண்டு, கழித்துப் போட்ட பழைய ஹோஸ் ஆகியவை போதும். அவர்கள் வேலையே எடை தூக்கிக்கொண்டு படியேறுவதுதான், பயிற்சியும் அப்படியே இருக்கட்டும்.

4. "ஒரு ஸ்டேஷனுக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?"

20 பேர் இருக்கும் நிலையம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 2,000 ரூபாய் பரிசோதனை என்றால் 40,000. மறுபரிசோதனை, ஊசி ஆகியவற்றுக்கு 30,000. பயிற்றுநருக்கு மாதம் 12,000 என்றால் வருடத்துக்கு 1,44,000. பாய், டம்பெல், மணல் மூட்டை என்று முதல் வருடம் மட்டும் 40,000. கூட்டினால் 2,54,000. இது நான் போட்ட உத்தேசக் கணக்கு, உங்கள் பகுதியில் விலை விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இதில் கருவிக்கான தொகையையும் பயிற்றுநருக்கான தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருவிக்குக் கொடுக்க ஆள் வரிசையில் நிற்பார்கள், ஏனென்றால் அதில் பெயர் எழுதலாம். பயிற்றுநரின் பன்னிரண்டாயிரத்தில் யார் பெயரையும் எழுத முடியாது. நான் நாலு வாசல் ஏறி இறங்குவது பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டாயிரத்துக்குத்தான்.

பரிசோதனைச் செலவைக் குறைக்க அரசு மருத்துவமனைகளை மறக்க வேண்டாம். ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2016-ல் முழு உடல் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது 1,000, 2,000, 3,000 ரூபாய் என்று மூன்று அடுக்குக் கட்டணம் வைத்தார்கள். மேலே நான் போட்டிருக்கும் 2,000 அதைப் பார்த்துப் போட்டதுதான்.

5. "அவங்களுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே, அதுல செக்கப் பண்ணிக்கலாமே?"

அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு உதவுவது. 2021 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் நான்கு வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று இருந்தது, குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கு அதைவிட அதிகம். நல்ல திட்டம்தான். ஆனால் நோய் வருமுன் செய்யும் பரிசோதனைக்கு அது இல்லை. நாம் நிரப்பப் பார்ப்பது அந்த இடைவெளியை.

6. "சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஃபயர் சர்வீஸுக்கு 5,000 கோடி ஒதுக்கியிருக்காமே, அது எங்க போகுது?"

மாநிலத் தீயணைப்புப் பணிகளை விரிவாக்கி நவீனமாக்கும் திட்டம், 2023 ஜூலையில் தொடங்கியது. 15-வது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, தேசியப் பேரிடர் நிதியில் முன்தயாரிப்புக்கென ஒதுக்கிய பகுதியிலிருந்து 2025-26 வரைக்கென ஒதுக்கினார்கள். மொத்தம் 5,000 கோடி, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதில் 500 கோடி, சட்டச் சீர்திருத்தம் செய்யும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் தாங்கள் எடுக்கும் திட்டச் செலவில் 25 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து போட வேண்டும், வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்கள் 10 சதவீதம்.

நம்மைப் போன்ற தனியார் குழுக்கள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. மாநில அரசு கேட்டால்தான் உண்டு. நிலையங்கள், வண்டிகள், கருவிகள், பயிற்சி என்று போகிற பணம். அதற்குள் உடல்திறன் பயிற்சியையும் சேர்க்கச் சொல்லி மனு கொடுப்பதில் தப்பில்லை. நாங்கள் கொடுத்திருக்கிறோம்.

7. "எம்.எல்.ஏ., எம்.பி. நிதியில கேட்டுப் பார்த்தீங்களா?"

பார்த்தோம். எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி, தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. இரண்டுமே முக்கியமாக நிலையான சொத்து உருவாக்கும் பணம். எம்.பி. நிதியில் அரசு அலுவலகக் கட்டடம் கட்ட அனுமதி இல்லை, சம்பளம் போன்ற தொடர்செலவுக்கும் கூடாது. ஆகவே நான்காவது பதிலில் சொன்ன அந்தப் பன்னிரண்டாயிரத்துக்கு இந்த வழி மூடியதுதான்.

8. "எங்க கம்பெனி சி.எஸ்.ஆர். பணத்துல இது வருமா வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

வரும். ஒரே வார்த்தையில் நிறுத்த முடியாததால் மிச்சத்தையும் சொல்கிறேன். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அதுதான் சி.எஸ்.ஆர். பணம். எதற்கெல்லாம் செலவிடலாம் என்பது ஏழாவது அட்டவணையில் இருக்கிறது.

அந்த அட்டவணையில் முன்னாள் ராணுவத்தினர், துணை ராணுவத்தினர் பற்றி ஒரு வரி உண்டு. பலரும் அதில் தீயணைப்பு வீரர்களையும் சேர்த்துவிடப் பார்க்கிறார்கள். வேண்டாம், அதில் அவர்கள் இல்லை. நோய்த்தடுப்பு மருத்துவம் உள்ளிட்ட சுகாதாரம் என்ற முதல் வரியிலேயே இந்தத் திட்டம் நேராக உட்காருகிறது. பேரிடர் மேலாண்மை என்ற வரி 2019-ல் சேர்ந்தது, துணைக்கு அதையும் காட்டலாம். நான் பார்த்த விண்ணப்பங்கள் பெரும்பாலும் "வீரர்களைக் கௌரவிப்போம்" என்று எழுதித்தான் திரும்பி வந்தன. "20 பேருக்கு ஆண்டுப் பரிசோதனை" என்று எழுதினால் கம்பெனி ஆடிட்டருக்கும் நிம்மதி.

9. "அப்போ கம்பெனி நேரா டிபார்ட்மென்ட் பேருக்கே செக் போட்டுடலாமே?"

அங்கேதான் சிக்கல். சி.எஸ்.ஆர். விதிப்படி கம்பெனி தானே நேரடியாகச் செய்யலாம், அல்லது பதிவுபெற்ற அறக்கட்டளை, சங்கம், லாபநோக்கில்லாத எட்டாம் பிரிவுக் கம்பெனி போன்றவை மூலம் செய்யலாம். அரசுத் துறை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கம்பெனியே பொருளை வாங்கி ஒப்படைக்கலாம். சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்தை ஒரு பொது அதிகார அமைப்பு வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அதனால் பில் கம்பெனி பெயரில், ஒப்படைப்புக் கடிதம் துறை பெயரில், நிலையத்தின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் பதிவு. இந்த மூன்றும் இருந்தால் கணக்கு சுத்தம். பயிற்றுநரையும் கம்பெனியே ஒப்பந்தம் போட்டு அனுப்பலாம்.

எதைச் செய்வதானாலும் முதலில் துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். நிலைய அலுவலர் "வாங்க சார், வாங்க" என்று அன்பாகச் சொல்வது அனுமதி ஆகாது. கடிதம் நிலைய அலுவலர் வழியாக மாவட்ட அலுவலருக்கும், அங்கிருந்து எழும்பூர் தலைமையகத்துக்கும் போய்த் திரும்ப வேண்டும். எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. அதற்குள் எங்கள் குழுவில் இரண்டு பேர் சலித்துப்போய் விலகிவிட்டார்கள்.

10. "நாங்களே புதுசா ஒரு ட்ரஸ்ட் ஆரம்பிச்சா?"

ஆரம்பிக்கலாம், ஆனால் உடனே சி.எஸ்.ஆர். பணம் வராது. கம்பெனியோ அரசோ தொடங்காத அறக்கட்டளைக்கு அதே போன்ற பணியில் குறைந்தது மூன்று வருட அனுபவம் வேண்டும், வருமான வரிப் பதிவுகள் வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து எண் வாங்க வேண்டும். பகுதியில் ஏற்கெனவே மருத்துவ முகாம் நடத்தும் பழைய அறக்கட்டளையோடு சேர்ந்துகொள்வது மேல். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்குமா என்று தனிநபர்கள் கேட்கும் 80ஜி விலக்கும் அந்த அறக்கட்டளைக்குப் பதிவு இருந்தால்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. இதைச் சொன்னதும் சிலர் குரல் சுருங்கிவிடும். பரவாயில்லை, முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

11. "மாரத்தான் ஒண்ணு நடத்தினா பணம் கொட்டாதா? மெரினால காலைல அஞ்சு மணிக்கு..."

பொதுமக்கள் கட்டும் நுழைவுக் கட்டணத்தில் கொஞ்சம் மிஞ்சலாம். ஆனால் கம்பெனிகள் கொடுக்கும் ஸ்பான்சர் தொகையை அவர்கள் சி.எஸ்.ஆர். கணக்கில் காட்ட முடியாது. மாரத்தான், விருது விழா, விளம்பரம் போன்ற ஒருநாள் கூத்துகள் சி.எஸ்.ஆர். ஆகாது என்று அமைச்சகம் 2014 சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. டி-சர்ட், தண்ணீர் பாட்டில், மேடை, மைக் செலவு போக என்ன மிஞ்சும் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

12. "என் பையன் டாலஸ்ல இருக்கான். அவன் அனுப்பலாமா?"

அவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதுதான் கேள்வி. இந்தியப் பாஸ்போர்ட் என்றால், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே, டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் வைத்திருக்கும் கணக்கில் அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. "என் கணக்குக்கு அனுப்பச் சொல்றேன், நான் கொடுத்த மாதிரி இருக்கட்டும்" என்று ஒருவர் சொன்னார். அன்போடு மறுத்துவிட்டேன்.

13. "ஒரு பில்டர் மொத்தச் செலவையும் ஏத்துக்கறேன்னு சொல்றார். வேண்டாம்னா சொல்வீங்க?"

சொன்னோம். இந்தப் பக்கத்திலேயே அதிகம் சண்டை வந்த கேள்வி இது, அதனால் விளக்கிவிடுகிறேன். உயரமான கட்டடங்களுக்குத் தடையின்மைச் சான்று தருவது தீயணைப்புத் துறை. பட்டாசுக் கடை, திருமண மண்டபம், ஆஸ்பத்திரி என்று பலரும் அவர்களிடம் சான்றுக்காக நிற்பவர்கள். ஒரு பக்கம் சான்றுக்கு விண்ணப்பம் நிலுவையில், மறுபக்கம் அதே நிலையத்துக்கு இரண்டரை லட்சம் நன்கொடை. கொடுப்பவர் மனதில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நாளைக்கு அந்தக் கட்டடத்தில் ஏதாவது நடந்தால், சோதனைக்குப் போன அலுவலரை யார் நம்புவார்கள்?

2017 மே மாதம் தி.நகரில் ஏழு மாடி ஜவுளிக் கடை ஒன்று எரிந்து ஒரு பகுதி இடிந்ததை நாமெல்லாம் டிவியில் நேரலையாகப் பார்த்தோம். அந்த மாதிரி ஒரு தீக்குள் நிற்பவர்களுக்காகத் திரட்டும் பணத்தில் இந்தச் சந்தேகத்தின் நிழல்கூட விழக்கூடாது. துறையிடம் சான்றோ உரிமமோ கேட்டு நிற்பவர், கடந்த இரண்டு வருடத்தில் வாங்கியவர், இவர்களிடம் வாங்குவதில்லை என்று எங்கள் குழுவில் எழுதி வைத்திருக்கிறோம். அதனால் எங்கள் வரவு பாதியானது. என் மைத்துனரே "பொழைக்கத் தெரியாதவர்" என்றார்.

14. "நாங்க ஸ்டேஷன்லயே வேலை பார்க்கறோம். நாங்களே கடை கடையாப் போய் வசூல் பண்ணலாமா?"

கூடாது. 1973 தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் நன்கொடை வசூலிப்பது தப்பு. முந்தைய பதிலில் சொன்ன காரணமும் சேர்ந்துகொள்ளும்: சீருடை போட்டவர் கேட்டால் கடைக்காரர் மனமுவந்து கொடுத்தாரா, பயந்து கொடுத்தாரா என்று தெரியாது. உங்களுக்குள்ளேயே மாதம் நூறு ரூபாய் போட்டுப் பாய் வாங்குவது வேறு விஷயம்.

15. "அண்ணே, டெஸ்ட்ல சுகர்னு வந்துட்டா என்னை வண்டியிலேர்ந்து இறக்கிடுவாங்களா?"

இதைக் கேட்டவர் போனில் இரண்டு நிமிடம் வேறு எதையோ பேசிவிட்டுத்தான் கேட்டார். முதலில் ஒரு விஷயம்: எங்கள் ஏற்பாட்டில் ரிப்போர்ட் உங்கள் கைக்கும் மருத்துவருக்கும் மட்டும்தான் போகும். நிலைய அலுவலருக்குப் போகாது, எங்களுக்கும் வராது. அனுமதிக் கடிதத்திலேயே இதை எழுதி வாங்கிக்கொண்டோம்.

இரண்டாவது, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு. பணிக்காலத்தில் உடற்குறைபாடு ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது. அரசு தனியாக விலக்கு அறிவித்த பணிகள் மட்டும் இதில் சேராது. சர்க்கரை அந்த அளவுக்குப் போகும் முன் மாத்திரையிலும் நடையிலும் கட்டுக்குள் நிற்கக்கூடியது. சர்க்கரை இருப்பது தெரியாமல் சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு புகைக்குள் போவதைத்தான் நான் பயப்படுவேன் தம்பி. உள்ளே மயக்கம் வந்தால் உங்களைத் தூக்கிவர இன்னும் இரண்டு பேர் உள்ளே போக வேண்டும்.

16. "பணம் கொடுத்திருக்கோம், யாருக்கு என்ன வியாதின்னாவது தெரிய வேண்டாமா?"

வேண்டாம். எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது, எத்தனை பேர் மறுபரிசோதனைக்குப் போனார்கள், எத்தனை நாள் பயிற்சி நடந்தது, பில்கள் எங்கே, இவை தெரியலாம். 20 பேர் நிலையத்தில் "மூவருக்கு ரத்தக் கொதிப்பு" என்று அறிக்கை எழுதினாலே யார் யார் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். அதனால் அதைக்கூட எழுதுவதில்லை.

17. "பயிற்சி நடக்கும்போதே ஃபயர் கால் வந்தா?"

போட்டது போட்டபடி ஓடுவார்கள். அதனால்தான் மூச்சு வாங்கும் கடும் பயிற்சியைப் பணிநேரத்தில் வைப்பதில்லை. பணியில் இருப்பவர்களுக்குப் பாதித் தெம்பு மிச்சம் இருக்கும்படியான பயிற்சி மட்டும். பயிற்றுநருக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில், பாதியில் நின்றுபோன வகுப்புக்கும் முழுச் சம்பளம் என்று எழுதுங்கள்.

18. "சின்னத் தொகைதான் தரமுடியும், ஒரு பத்தாயிரம். அதுல உருப்படியா ஏதாவது ஆகுமா?"

ஆகும். புகையில் நனைந்த சீருடையைப் பலர் வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கிறார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ல் தீயணைப்பு வீரர்கள் பணியில் எதிர்கொள்ளும் புகை, கரி உள்ளிட்டவற்றைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. நிலையத்திலேயே ஒரு சாதாரண வாஷிங் மெஷின் இருந்தால் அந்தக் கரி வீடுவரை போகாது. உங்கள் பத்தாயிரத்தோடு இன்னொருவர் கொஞ்சம் போட்டால் அது முடிந்துவிடும். ட்ரெட்மில் மாதிரி அது சும்மா நிற்காது என்பதற்கு நான் உத்தரவாதம். எங்கள் நிலையத்தில் அதற்கு வரிசையே நிற்கிறது.

19. "இந்த வருஷம் பணம் வந்துடுச்சு, அடுத்த வருஷம் நின்னு போச்சுன்னா?"

நின்றது. மூன்றாம் வருடம் நடுவில் நான்கு மாதம் பயிற்றுநருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. அதிலிருந்து இரண்டு ஏற்பாடு செய்துகொண்டோம். கம்பெனிகளிடம் கேட்கும்போது ஒருவருடத் திட்டமாகக் கேட்பதில்லை. தொடர்திட்டம் என்று காட்டினால், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று நிதியாண்டு வரை செலவிட விதியில் இடமுண்டு.

இன்னொன்று, நிலையத்திலேயே ஆர்வமுள்ள ஒருவரைப் பயிற்றுநராகத் தயார் செய்வது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, நந்தனத்தில் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் பயிற்சி பெற அவருக்கு ஆகும் செலவு ஒருமுறைச் செலவு. எங்கள் நிலையத்தில் அதற்கு முன்வந்தவர் 48 வயது முன்னணித் தீயணைப்போர். முதல் வருடம் ட்ரெட்மில்லில் பனியன் காயப்போட்டவர் தான்தான் என்று பிற்பாடு அவரே சொன்னார்.